கடைவீதிக்கும் ஒரு ஷரீஅத் உண்டு



ஷரீஅத் சட்டம் என்று எவரேனும் சொன்ன மாத்திரத்தில் உங்கள் உள்ளத்தில் முதலில் எழுவது யாது? நிக்காஹ், மஹர், தலாக், இத்தா, வாரிசுப் பங்கு ஆகிய இவைதாமே! நம் வீடுகளில் மட்டுமன்று, மேடைகளிலும் அப்படித்தான். ஷரீஅத்தைக் காக்க வேண்டும் என்று முழங்குகின்றவரும், அதனை மாற்ற வேண்டும் என்று வாதிடுகின்றவரும் இந்த நான்கைந்து பாடங்களைச் சுற்றியே நிற்கின்றனர். கடையைத் திறந்து கல்லாவில் அமர்ந்த பிறகு, தராசைக் கையில் எடுத்த பிறகு, பங்காளியோடு கணக்குப் பார்க்கத் தொடங்கிய பிறகு ஷரீஅத் வீட்டோடு நின்றுவிட்டது போன்ற எண்ணம் நம்மிடையே பரவியிருக்கின்றது.

திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது என்று கேட்டால் ஓதத் தெரிந்த பிள்ளைகள் உடனே சொல்வார்கள், சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் என்று. அது தொழுகையைப் பற்றியதன்று, திருமணத்தைப் பற்றியதுமன்று. தவணை வைத்துக் கடன் கொடுக்கும்போது எழுதிக் கொள்ளுங்கள் என்பதும், எழுதுகிறவர் நேர்மையாக எழுத வேண்டும் என்பதும், சாட்சிகளை ஏற்படுத்துங்கள் என்பதும், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சடைந்து போகாதீர்கள் என்பதுமே அதன் கருத்து. நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயாவை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் பிற்பகுதி 'கிதாபுல் புயூஃ', அதாவது வணிகப் பாடத்தில்தான் தொடங்குகின்றது. அதற்குப் பின்னே ஜாமீன், வக்காலத்து, வழக்கு, ஒப்புதல் வாக்குமூலம், சமரசம், அமானிதம், இரவல், நன்கொடை, வாடகை, அடைமானம் என்று கடைவீதியும் நீதிமன்றமும் அடுத்தடுத்து வருகின்றன. இவ்வளவும் யாருக்காக எழுதப்பட்டன?

இந்தக் கேள்விக்கு விடையாக ஒரு பேரரசு தன் சிவில் சட்டத்தையே எழுதி வைத்தது. 'மஜல்லத்துல் அஹ்காமில் அத்லிய்யா' என்பது அதன் முழுப் பெயர். சுருக்கமாக மஜல்லா என்பர். துருக்கியில் உதுமானிய சுல்தான்களின் ஆட்சியில் 1869ஆம் ஆண்டு தொடங்கி 1876ஆம் ஆண்டு முடிவுற்ற சட்ட நூல் அது. பதினாறு கிதாபுகள், 1851 பிரிவுகள். வியப்பைக் கேளுங்கள்: அந்த 1851 பிரிவுகளுக்குள் நிக்காஹ் இல்லை, தலாக் இல்லை, வாரிசுப் பங்கும் இல்லை. அவை பழைய ஷரீஅத் நீதிமன்றங்களின் பொறுப்பிலே விடப்பட்டன. விற்பனையில் தொடங்கி நீதிபதியின் ஒழுக்கத்தில் முடிகின்ற மஜல்லா, நாம் எதனை ஷரீஅத் என்று நினைக்கின்றோமோ அதனை அறவே தொடாமல், நாம் மறந்துவிட்டதை மட்டுமே பேசுகின்றது.

அது எழுந்த வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்வது அவசியமாகும்.

1839ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் சுல்தான் அப்துல் மஜீதின் பெயரால் இஸ்தான்பூலின் குல்ஹானா பூங்காவில் ஒரு பிரகடனம் வாசிக்கப்பட்டது. குடிமக்களின் உயிருக்கும் பொருளுக்கும் மானத்துக்கும் பாதுகாப்பு அளிக்கப்படும், சட்டங்கள் சீர்செய்யப்படும் என்று அது உறுதி கூறிற்று. சீர்திருத்தம் என்ற பெயரால் முதலில் வந்தவை பெரும்பாலும் ஐரோப்பியச் சரக்குகளே. 1850இல் வந்த வணிகச் சட்டம் பிரெஞ்சு வணிகச் சட்டத்தைத் தழுவியது. 1858இல் வந்த குற்றவியல் சட்டமும் பிரெஞ்சு மூலத்தையே பின்பற்றியது. ஐரோப்பிய வணிகர்கள் துறைமுகந்தோறும் வந்து இறங்கிய காலம் அது; அவர்களுடைய தூதர்களின் குரலுக்கு அரண்மனையில் மதிப்பு மிகுந்திருந்தது.

எஞ்சியிருந்தது சிவில் சட்டம். நெப்போலியன் காலத்தில் 1804இல் வெளிவந்த பிரெஞ்சுச் சிவில் சட்டத்தில் 2281 பிரிவுகள் இருந்தன. அதனை அப்படியே மொழிபெயர்த்து நடைமுறைப்படுத்திவிட்டால் வேலை முடிந்தது என்றார் பிரதம அமைச்சர் ஆலி பாஷா. அவரோடு சேர்ந்து அவ்வாறே எண்ணிய பாஷாக்கள் பலர். அக்கருத்தை எதிர்த்து நின்றவர் அஹ்மத் ஜவ்தத் பாஷா.

ஜவ்தத் பாஷா யார்? இன்றைய பல்கேரியாவில் உள்ள லோவெச் நகரில் 1822இல் பிறந்தவர். சிறுவயதிலேயே இஸ்தான்பூலுக்கு வந்து மதரஸாவில் ஓதியவர். உலமாக்களின் வரிசையில் உயர்ந்து, பின்னர் தலைப்பாகையைக் கழற்றி வைத்து அரசாங்க உத்தியோகத்துக்குச் சென்றவர். ஹலபு மாகாணத்தின் ஆளுநராகவும் இருந்தவர். உதுமானிய வரலாற்றைப் பல தொகுதிகளில் எழுதியவரும் அவரே. அவருடைய மகள் பாத்திமா ஆலியா ஹானிம் துருக்கி மொழியில் நாவல்கள் எழுதிப் புகழ்பெற்றார். 2009ஆம் ஆண்டு முதல் துருக்கியின் ஐம்பது லிரா நோட்டில் அந்த அம்மையாரின் உருவமே அச்சிடப்பட்டு வருகின்றது. தந்தை தொகுத்த சட்டம் ரத்தாகிவிட்ட நாட்டில் மகளின் முகம் ஒவ்வொருவர் பையிலும் இருப்பது ஒரு விந்தைதான்!

ஜவ்தத் பாஷா பிரெஞ்சுச் சட்டத்தை அறியாதவராய் எதிர்க்கவில்லை என்பதனை நாம் கவனிக்க வேண்டும். அவர் பிரெஞ்சு கற்றவர். புதிய நீதிமன்றங்களின் தேவையை வேறு எவரையும் விட நன்கு உணர்ந்தவர். 1868இல் நிறுவப்பட்ட உயர் நீதி மன்றத்துக்கு அவரே தலைவர். அந்தப் புதிய மன்றங்களில் மதரஸா ஓதாத அதிகாரிகள் நீதிபதிகளாக அமர்ந்தார்கள், கிறிஸ்தவர்களும் அமர்ந்தார்கள். அவர்கள் பிக்ஹு கிதாபுகளைப் புரட்டி, ஒரே மஸ்அலாவில் இமாம்கள் சொன்ன பல கருத்துகளுள் எது ஃபத்வாவுக்குரியது என்று தேர்வது எங்ஙனம்? அது ஆயுள் முழுதும் கிதாபோடு கழித்தவர்களுக்கே அரிய காரியமாயிற்றே! ஆகவே எவரும் படித்துப் புரிந்து கொள்ளும் துருக்கி மொழியில், ஒரு பிரச்சினைக்கு ஒரு தீர்ப்பு என்ற முறையில், எண் இட்டு எழுதித் தர வேண்டும் என்பது அவருடைய வாதம். நம்மிடம் இல்லாததைப் பிறரிடம் வாங்குவது வேறு; நம்மிடம் இருப்பதைத் திறந்து பாராமலே பிறர் வீட்டு வாயிலில் நிற்பது வேறு.

வாதத்தில் அவர் வென்றார். உலமாக்களைக் கொண்ட ஒரு குழு அவர் தலைமையில் அமைக்கப்பட்டது. நம் மதரஸாக்களில் 'ஷாமீ' என்று மரியாதையோடு சொல்லப்படும் ரத்துல் முஹ்தாரை எழுதிய டமாஸ்கஸ் நகர மாமேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் மகனார் அலாவுத்தீன் அவர்களும் அக்குழுவில் ஓர் உறுப்பினர். பரம்பரை எங்கிருந்து எங்கே சென்று சேர்ந்தது பாருங்கள்.

இதற்கு முன்னரே நம் நாட்டில் ஔரங்கசீப் ஆலம்கீர் காலத்தில் 'ஃபதாவா ஆலம்கீரி' தொகுக்கப்பட்டதே என்று வாசகர் கேட்கலாம். உண்மைதான். ஆயினும் அது முஃப்திக்கும் காஜிக்கும் உரிய கடல். இறங்கத் தெரிந்தவரே முத்தெடுக்க முடியும். மஜல்லா அந்தக் கடல் நீரைக் குடத்தில் மொண்டு தெருவுக்குக் கொண்டு வந்தது.

குடத்துக்குள் என்ன இருக்கின்றது என்று பார்ப்போம். முதற்பிரிவு பிக்ஹு என்றால் என்ன என்பதனை விளக்குகின்றது. அடுத்த 99 பிரிவுகள் சட்ட அடிப்படைகள். இப்னு நுஜைம் (ரஹ்) அவர்களின் 'அல்அஷ்பாஹ் வந்நளாயிர்' போன்ற கிதாபுகளிலிருந்து திரட்டப்பட்டவை. காரியங்கள் அவற்றின் நோக்கத்தைக் கொண்டே மதிக்கப்படும் என்பதும், சந்தேகத்தால் உறுதி நீங்காது என்பதும், தீங்கு செய்வதும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்பதும் அவற்றுள் அடங்கும். இவற்றை ஹதீஸிலிருந்தும் உஸூலிலிருந்தும் நம்மவர் அறிவர். எனக்கு மிகவும் உவப்பானது 44ஆம் பிரிவு. வணிகர்களிடையே வழக்கமாகிவிட்ட ஒன்று, அவர்கள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அவர்களுக்கிடையே நிபந்தனை போலவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. கடைவீதியின் நேர்மையான வழக்கத்துக்கு ஷரீஅத் தந்த மரியாதை இது!

பின்னர் வருவன பதினாறு கிதாபுகள். எல்லாவற்றையும் இங்கே சொல்லப் புகுந்தால் பத்திரிகையில் இடம் போதாது. சிலவற்றை மட்டும் காட்டுகின்றேன்.

கறவை மாடு என்று சொல்லி விற்கப்பட்ட பசு, பால் வற்றியது என்று பின்னர் தெரிந்தால், வாங்கியவர் அதனைத் திருப்பிக் கொடுக்க உரிமை உடையவர். இரவு நேரத்தில் சிவப்புக் கெம்பு என்று விற்ற கல், விடிந்து பார்க்கும்போது மஞ்சளாக இருந்தாலும் அவ்வாறே. இவ்விரண்டும் 310ஆம் பிரிவில் உள்ள உதாரணங்கள். கல் வியாபாரம் செய்வோர் குடும்பங்களில் இதனைப் படித்துக் காட்டினால் புன்னகை செய்வார்கள் என்பதில் ஐயமில்லை.

ரொட்டிக்காரரிடம் காசைக் கொடுத்து ரொட்டியை எடுத்துக் கொண்டால், இருவரும் ஒரு வார்த்தையும் பேசாவிட்டாலும் வியாபாரம் முடிந்துவிட்டது. கடற்கரைப் பட்டினங்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் வாசகர்கள் இங்கே ஒரு நொடி தயங்கலாம். ஈஜாபு கபூல் எங்கே என்று கேட்கலாம். மஜல்லா ஹனபி மத்ஹபைத் தழுவியது. ஆயினும் ஷாஃபிஈ மத்ஹபிலும் இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் பேச்சின்றிக் கொடுத்து வாங்குவதை ஏற்றிருக்கின்றார்கள் என்பதனை ஓதியவர்கள் அறிவார்கள்.

கூட்டு வியாபாரத்தில் லாபம் பாதி, மூன்றில் ஒன்று என்று விகிதமாகவே பேசப்பட வேண்டும். வியாபாரம் எப்படிப் போனாலும் எனக்கு மாதம் இவ்வளவு வந்துவிட வேண்டும் என்று குறிப்பிட்ட தொகையாகப் பேசினால் அந்தக் கூட்டே செல்லாது. இன்று நம் ஊர்களில் 'பங்கு' என்ற பெயரால் நடக்கும் எத்தனை ஏற்பாடுகள் இந்த ஒரு பிரிவின் முன்னே நிற்கும்? பெயர் பங்கு, உள்ளே இருப்பது வட்டி. வாங்குகின்றவருக்கும் அது தெரியும், கொடுக்கின்றவருக்கும் தெரியும். எழுதிக் கொள்ளாததால் மூன்றாமவருக்குத் தெரிவதில்லை, அவ்வளவே!

இல்லத்தரசிகளுக்கும் மஜல்லாவில் பாடம் உண்டு. கத்னா விருந்திலும் கல்யாண விருந்திலும் வரும் அன்பளிப்புகள் யாருக்குச் சொந்தம்? பிள்ளைக்கா, மணமகளுக்கா, தாய்க்கா, தந்தைக்கா? கொண்டு வந்தவர் யாரை எண்ணிக் கொண்டு வந்தாரோ அவருக்கே உரியது. அவர் சொல்லவில்லை, கேட்டறியவும் இயலவில்லை என்றால் ஊர் வழக்கப்படி தீர்மானிக்கப்படும் என்கிறது 876ஆம் பிரிவு. மருமகளுக்கென்று வந்த நகையை மாமியார் பெட்டியில் வைத்துப் பூட்டுகின்ற வீடுகள் இருந்தால், அவர்கள் இந்தப் பிரிவை இருமுறை படிப்பது நன்று.

அண்டை வீட்டாரைப் பற்றிய பிரிவுகள் இன்னும் சுவையானவை. உங்கள் வீட்டை ஒட்டிக் கொல்லன் உலையோ மாவு ஆலையோ அமைத்து, அதன் அதிர்ச்சியால் உங்கள் சுவர் பலவீனப்பட்டால் அது தடுக்கப்படும். அடுப்புப் புகையோ, எண்ணெய் ஆட்டும் இடத்தின் துர்நாற்றமோ வீட்டில் குடியிருக்க முடியாதபடி செய்தால் அதுவும் நீக்கப்படும். பக்கத்து வீட்டார் உயரமாகக் கட்டியதால் உங்களுடைய காற்றோ காட்சியோ சிறிது குறைந்தால் அதற்காக வழக்காட முடியாது. ஆனால் உங்கள் அறையின் சன்னல் அடைபட்டு, உள்ளே எழுத்தைப் படிக்க முடியாத அளவு இருள் சூழ்ந்தால் அது பெரும் தீங்காகக் கருதப்படும். இருட்டை அளக்க எவ்வளவு எளிய அளவுகோல்! அடுத்த பிரிவு இன்னும் நுட்பமானது. பெண்கள் புழங்குகின்ற சமையற்கட்டு, கிணற்றடி, முற்றம் ஆகியவற்றை நோக்கிப் புதிதாகச் சன்னல் திறந்தால் அது பெருந்தீங்கு. அப்பார்வை தடுக்கப்பட வேண்டும்.

ஒரு மஸ்அலாவில் இமாம்களின் கருத்து வேறுபட்டபோது குழுவினர் என்ன செய்தார்கள்? இந்த இடத்தில்தான் அவர்களுடைய அறிவின் ஆழம் வெளிப்படுகின்றது. பொருளைச் செய்து தரச் சொல்லி ஒப்பந்தம் செய்வது இஸ்திஸ்னாஃ. செருப்புத் தைக்கச் சொல்வது, பாத்திரம் வார்க்கச் சொல்வது போன்றவை. பொருள் செய்து முடிக்கப்பட்ட பின்னரும், அதனைக் கண்டு வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்பது இமாமுல் அஃளம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் வழியில் பிரபலமான கருத்து. ஒரு ஜோடி செருப்புக்கு அது பொருந்தும். ஆனால் 1869ஆம் ஆண்டில் பீரங்கிகளும் துப்பாக்கிகளும் நீராவிக் கப்பல்களும் ஒப்பந்தத்தின் பேரில் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டு வந்தன. ஒரு கப்பலைக் கட்டி முடித்த பிறகு வேண்டாம் என்றால் செய்தவர் கதி என்ன? ஆகவே இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்களின் கருத்தை எடுத்து, சொல்லியபடி பொருள் அமைந்துவிட்டால் இரு தரப்பாரும் பின்வாங்க முடியாது என்று 392ஆம் பிரிவை அமைத்தார்கள். காரணத்தைத் தம் முன்னுரை அறிக்கையில் பிரதம அமைச்சருக்கு எழுதியும் வைத்தார்கள்.

வியாபாரத்தை முடிவு செய்ய நிபந்தனை வைத்து அவகாசம் கேட்பதிலும் அப்படியே. மூன்று நாட்களுக்கு மேல் கூடாது என்பது இமாமவர்களின் கருத்து. பேசிக் கொண்ட காலம் எவ்வளவாயினும் செல்லும் என்பது ஸாஹிபைன், அதாவது அவர்களின் இரு பெரும் மாணவர்களின் கருத்து. மஜல்லா மாணவர்களின் பக்கம் நின்றது. மத்ஹபை விட்டு வெளியே செல்லவில்லை; மத்ஹபுக்குள்ளேயே மக்களின் சிரமத்துக்கு விடை தேடினார்கள். நம் பழைய கிதாபுகள் இறுகிப் போனவை என்று கூறுவோர் அவற்றைத் திறந்து பார்த்தவர்கள்தாமா என்ற ஐயம் இதனைப் படிக்கும்தோறும் எழுகின்றது.

இறுதிக் கிதாபு நீதி வழங்குவதைப் பற்றியது. நீதிபதி வழக்காடும் இருவரிடமும் அன்பளிப்பு வாங்கக்கூடாது. அவர்கள் வீட்டு விருந்துக்குச் செல்லக்கூடாது. ஒருவரை மட்டும் தன் வீட்டில் வரவேற்கக்கூடாது. ஒருவர் காதில் மட்டும் பேசுவதும், கையாலோ கண்ணாலோ சைகை செய்வதும், மற்றவருக்குப் புரியாத மொழியில் ஒருவரோடு உரையாடுவதும் கூடாது. ஒருவர் பெருந்தனவந்தர், மற்றவர் சாதாரண மனிதர் என்றாலும் இருவருக்கும் சமமான ஆசனம், சமமான பார்வை. துக்கம், பசி, தூக்கக் கலக்கம் இவற்றால் மனம் குழம்பியிருக்கும்போது தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஜமாஅத்துப் பஞ்சாயத்துகளில் அமரும் நாட்டாண்மைக்காரர்களுக்கு இந்தக் கிதாபு இன்றும் பழையதாகிவிடவில்லை. விருந்துண்ட கையோடு தீர்ப்பு எழுதுகின்ற வழக்கம் எங்கும் இல்லை என்று சொல்லத் துணிவார் யார்?

பணி எளிதாக நடந்துவிடவில்லை. வேலை பாதியில் இருக்கும்போதே 1870இல் ஜவ்தத் பாஷா பதவியினின்று நீக்கப்பட்டு, புர்ஸாவுக்கு ஆளுநராக அனுப்பப்பட்டார். மஜல்லா ஷைகுல் இஸ்லாமின் அலுவலகத்தின் கீழே தயாராக வேண்டும், நீதித்துறையின் கீழே கூடாது என்பது எதிர்ப்பாளர்கள் சொன்ன காரணம். நாற்காலிச் சண்டை உலமாக்களையும் விட்டு வைப்பதில்லை! அவர் இல்லாதபோது மற்றவர்கள் எழுதி வெளியிட்ட ஆறாம் கிதாபு கடும் கண்டனத்துக்கு உள்ளாகித் திரும்பப் பெறப்பட்டது. பிறகு அவரையே அழைத்து வந்தார்கள். அந்தக் கிதாபு அமானிதங்கள் பற்றிய கிதாபாகப் புதிதாக எழுதப்பட்டது. 1876இல் பதினாறாம் கிதாபு நிறைவுற்றது. குடும்பச் சட்டத்தையும் எழுதும் நாள் வரவில்லை. 1888இல் சுல்தான் அப்துல் ஹமீது காலத்தில் குழு கலைக்கப்பட்டது. குடும்பச் சட்டம் வேறொரு தலைமுறையின் கையால் 1917இல்தான் வந்தது.

மஜல்லாவைப் புகழ்ந்து கொண்டே போவது நேர்மையாகாது. அதில் எனக்குத் தோன்றும் பெருங்குறை ஒன்று உண்டு. கடைவீதியின் சட்டமாகிய அதில் வட்டியைப் பற்றிய பாடம் இல்லை. ரிபா இத்தனை கடுமையாக ஹராமாக்கப்பட்டிருக்க, பிக்ஹு கிதாபுகளில் அதற்கென்று தனிப் பாடமே இருக்க, 1851 பிரிவுகளுள் அதற்கு இடம் வைக்கவில்லை. வணிகச் சட்டம் முன்னரே பிரெஞ்சு வழியில் போய்விட்டது. அரசாங்கமும் கடனில் மூழ்கியிருந்தது. 1887இல் அரசு வட்டிக்கு உச்சவரம்பு நூற்றுக்கு 9 என்று விதித்தது. வரம்பு கட்டுவது அனுமதிப்பதன்றி வேறென்ன? ஜவ்தத் பாஷா போன்ற அறிஞருக்கு இது உறுத்தாமல் இருந்திருக்குமா? காலத்தின் நெருக்கடி என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

அறிஞர் சிலர் வேறொரு குறையும் கூறுவர். பிக்ஹு உலமாக்களின் கையில் இருந்தவரை எந்த அரசாலும் அதனை ஒரே நாளில் அழிக்க முடியவில்லை. மஜல்லாவாகி, சுல்தானின் ஆணையால் சட்டமான பிறகு, வேறோர் ஆணையால் அது நீக்கப்படவும் வழி பிறந்தது என்பது அவர்கள் கருத்து. அப்படியே நடந்தது. 1926ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் அங்காராவின் பாராளுமன்றம் சுவிட்சர்லாந்தின் சிவில் சட்டத்தை ஏற்றுக் கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தபோது மஜல்லாவின் ஆயுள் துருக்கியில் முடிந்தது. ஜவ்தத் பாஷா 1895இலேயே மறைந்துவிட்டார்.

இந்த வாதத்தில் உண்மை உண்டெனினும் நான் இதனை முழுதும் ஏற்பதற்கில்லை. எழுதியதனால் மஜல்லா அழிந்தது என்றால், எழுதியதனாலேயே அது வேறு நாடுகளில் பிழைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1878இல் போஸ்னியாவை ஆஸ்திரிய அரசு கைப்பற்றிய பின்னும் அங்கே மஜல்லா நீக்கப்படவில்லை. ஆங்கிலேயர் ஆண்ட சைப்ரஸில் அது நீதிமன்றங்களில் பயன்பட்டது. 1901இல் அங்கேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. சிரியாவில் 1949 வரை நீடித்தது. இராக்கில் எகிப்தியச் சட்டமேதை அப்துர் ரஸ்ஸாக் ஸன்ஹூரீ உருவாக்கிய 1951ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் மஜல்லாவிலிருந்து பெரிதும் எடுத்துக் கொண்டது. குவைத்தில் 1980ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் வரும் வரையிலும், ஜோர்டானில் 1976ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் வரும் வரையிலும் மஜல்லாவே சட்டம். ஜோர்டானின் அந்தப் புதிய சட்டத்திலும் மஜல்லாவின் சட்ட அடிப்படைகளைக் காணலாம். பாலஸ்தீன மண்ணில் ஆங்கிலேயர் ஆட்சியைக் கடந்து, இஸ்ரேல் அரசின் நீதிமன்றங்களிலும் அதன் எச்சங்கள் நீடித்தன. 1984இல்தான் அங்கே அது முறைப்படி நீக்கப்பட்டது. முஸ்லிம் ஆட்சியாளர் ரத்துச் செய்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரும் யூத நீதிபதிகள் அதனைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது!

மஜல்லாவுக்கு விரிவுரை எழுதியவர்களுள் அலீ ஹைதர் எஃபந்தி புகழ் பெற்றவர். ஹிம்ஸ் நகர முஃப்தி காலித் அத்தாஸீயும் எழுதினார். அரபு நாட்டு வழக்கறிஞர்கள் நெடுங்காலம் கையில் வைத்திருந்த மற்றொரு விரிவுரையை எழுதியவர் ஸலீம் ருஸ்தும் பாஸ் என்பவர். அவர் லெபனானைச் சேர்ந்த கிறிஸ்தவர். ஹனபி பிக்ஹின் விற்பனைப் பாடத்தையும் அடைமானப் பாடத்தையும் ஒரு கிறிஸ்தவ வழக்கறிஞர் வரிவரியாக விளக்கி எழுதினார், அது தம் நாட்டுச் சட்டம் என்பதனால். நம் மதரஸாக்களிலோ கிதாபுல் புயூஃ வருடக் கடைசியில், பாடம் முடிய வேண்டுமே என்ற அவசரத்தில் ஓடிக் கடந்து போகின்றது. ஓதி முடித்து ஊருக்கு வரும் ஆலிமிடம் தலாக்கைப் பற்றிக் கேட்க ஆயிரம் பேர் வருகின்றார்கள். கடை வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வந்து, ஹஜ்ரத், இதனைச் சற்றுப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பவர் எத்தனை பேர்? கேட்பார் இல்லாததால் சொல்வாரும் குறைந்து போயினர்.

நம் நாட்டில் மஜல்லா ஒருபோதும் சட்டமாக இருந்ததில்லை. இங்கே ஒப்பந்தங்களுக்கும் கடன்களுக்கும் நாட்டின் பொதுச் சட்டம் உண்டு. நீதிமன்றத்தில் அதுவே செல்லும். ஆயினும் கூட்டு வியாபாரத்தில் லாபத்தை விகிதமாகப் பேசிக் கொள்வதற்கோ, கடனை எழுதிச் சாட்சி வைப்பதற்கோ, சரக்கின் குறையைச் சொல்லி விற்பதற்கோ, பக்கத்து வீட்டுக் கிணற்றடியை நோக்கிச் சன்னல் வைக்காமலிருப்பதற்கோ எந்தச் சட்டமும் நம்மைத் தடுக்கவில்லை. இவற்றுக்கு மாநாடும் தேவையில்லை, மனுவும் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. கெடு கடந்த கடனைப் பற்றிய மஜல்லாவின் ஏற்பாடு இது. கடன், அமானிதம் முதலிய வழக்குகளைத் தக்க காரணமின்றிப் பதினைந்து ஆண்டுகள் தொடுக்காமல் விட்டுவிட்டால், அதன்பின் நீதிமன்றம் அவற்றைக் கேளாது என்கிறது 1660ஆம் பிரிவு. பழைய சாட்சிகள் மறைந்து, பத்திரங்கள் மங்கி, பொய் வழக்குகள் பெருகும் என்பதால் அந்த வரம்பு. ஆனால் சில பக்கங்கள் கழித்து 1674ஆம் பிரிவு வருகின்றது. காலம் கடந்ததனால் ஓர் உரிமை அழிந்துவிடுவதில்லை என்பது அதன் கருத்து. ஆகவே பிரதிவாதி நீதிபதியின் முன்னிலையில் எழுந்து, ஆம், இவருடைய பணம் என்னிடம் இருக்கின்றது என்று தானே ஒப்புக்கொண்டால், எத்தனை ஆண்டுகள் கழிந்திருந்தாலும் அவர் கொடுத்தே தீர வேண்டும் என்று தீர்ப்பாகும்.